தொண்ணூறு நாள் செல்லும்

கிரிம்ஸ்பியில் காலை ஐந்து ஐம்பது.
மீன் வெட்டும் கூடத்தில் இரவு ஷிஃப்ட் முடிகிறது.
என் அறை ஹீட்டர் உறுமுகிறது, சுடவில்லை.
மேசையில் பட்டியல்: நாற்பத்தோரு பெயர்.
முப்பத்தெட்டுக்கு எதிரே பச்சைக் கோடு.

ரொம்ப எளிது என்றாள்
தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண்.
இனி அட்டை கிடையாது. காட்டினாலும் பார்க்காதீர்கள்.
ஒரு குறியீடு தருவார்கள், ஒன்பது எழுத்து,
டபிள்யூவில் தொடங்கும், தொண்ணூறு நாள் செல்லும்.
தட்டுங்கள், முகம் வரும்.
எதிரில் நிற்கும் முகத்தோடு ஒப்பிட்டுச்
சேமியுங்கள், தேதி போடுங்கள்.
தவறினால் தலைக்கு நாற்பத்தையாயிரம் பவுண்டு.

யார் தலைக்கு என்று கேட்டான் ஒக்டாவ்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் இங்கே சேர்ந்தது எண்பத்தொன்பதில்.
ஃபோர்மேன் கேட்டது ஒரே கேள்வி:
நாற்றம் தாங்குவாயா?
தலையாட்டினேன். ஏப்ரனை எறிந்தார்.
என் முகத்தை அவர்
எதனோடும் ஒப்பிடவில்லை.

ஷிங்கிராய் வருகிறான்,
புருவத்தில் ஒரு செதில் ஒட்டியிருக்க.
பூட்ஸை வாசலிலேயே கழற்றுகிறான்,
வேண்டாமென்று எத்தனை முறை சொன்னாலும்.
பர்ஸிலிருந்து அந்த இளஞ்சிவப்பு அட்டையைத்தான்
முதலில் எடுத்து வைக்கிறான்.
அது செத்துப் போச்சு, ஷிங்கி.
தெரியும் மிஸஸ் பிளான்சர்ட்.
வழியில் யாராவது கேட்டால்
கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?

அவன் கணக்கு திறக்கவில்லை.
ஆறு இலக்கம் அனுப்பிவிட்டோம் என்கிறது திரை.
அனுப்பித்தான் இருக்கிறது,
பழைய எண்ணுக்கு.
அந்தப் போன் இருப்பது முட்டாரேயில்.
ஊருக்குப் போனபோது தங்கைக்குக் கொடுத்தான்,
சிம்மைக் கழற்ற மறந்து.
எண்ணை மாற்றேன் என்கிறேன்.
மாற்றவும் அதே ஆறு இலக்கத்தைக் கேட்கிறது.

உதவி எண் ஒன்பதுக்குத்தான் விழிக்கும்.
இவன் பேருந்து ஆறு இருபதுக்கு.
பச்சைக் கோடு இல்லாதவனை
இன்றிரவு உள்ளே விட முடியாது.
விட முடியாது என்பதன் கீழே
இருப்பது என் கையெழுத்து.

ருவாரஷே எடுக்கிறாள். பின்னால் மினி பஸ் ஹாரன்.
பழைய போன் பக்கத்து வீட்டில் சார்ஜில் கிடக்கிறதாம்,
சோலார் அவர்களிடம்தான் உண்டு.
பத்து நிமிடத்தில் இலக்கம் செல்லாமல் போகும்.
ஓடுகிறாள்.
ஸ்பீக்கரில் கேட்கிறோம்: ஒரு கேட், ஒரு நாய்,
யாரிடமோ காலை வணக்கம் சொல்லாமல் தாண்டுவது,
அதற்காக அவர்கள் திட்டுவது.

நான்கு. பூஜ்யம். பூஜ்யம். ஒன்பது.
அடுத்தது ஒன்றா ஏழா?
கண்ணாடி கீறியிருக்கிறது.
சாய்த்துப் பார், வெளிச்சத்தில் பார்.
ஏழு. அப்புறம் இரண்டு.

உள்துறை அமைச்சகம் திறந்துகொள்கிறது.

படத்தில் இருப்பவன் டை கட்டியிருக்கிறான்.
கன்னம் உப்பலாக, கணக்கு வாத்தியார் போல.
கணக்கு வாத்தியார்தான் அவன் அப்போது.
எதிரில் இருப்பவனுக்குக் கன்னமே இல்லை,
தாடையில் கத்தி இழுத்த தழும்பு.
திரை கேட்கிறது:
இவர் அவர்தானா?

பார்க்கிறேன். தேவைக்கு மேல் பார்த்திருப்பேன்.
சங்கடத்தில் அவன் சிரித்துவிடுகிறான்.
சிரிக்காதே, ஷிங்கி.
படத்தில் நீ சிரிக்கவில்லை.

நிறுத்திக்கொள்கிறான்.
ஒரு கணம் அந்த வாத்தியார்
ஹீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.
ஆம் என்று அழுத்துகிறேன்.

எண்ணை இப்போதே மாற்றிவிடு என்கிறேன்.
நாளைக்கு என்கிறான், ஒரு காலில் பூட்ஸோடு.
பேருந்து திரும்பும் சத்தம்.
இளஞ்சிவப்பு அட்டை பர்ஸுக்குள் போகிறது.

ஸ்பீக்கரில் இன்னும் மூச்சிரைக்கிறது.
என்ன கேட்கிறாள்?
போனை இனி அணைத்துவிடலாமா என்கிறாள்.
இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்.