பதினேழாவது கோடு

க்டினியா கப்பல் பட்டறையில்
வரைமென்பொருளுக்கு இருபதே உரிமங்கள்.
வரைபவர்கள் இருபத்தேழு பேர்.
மிச்சக் கணக்கு என் தலையில்.

மேலாண்மைத் திரையில்
இருபது கோடுகளும் பச்சை.
காத்திருப்போரில் முதல் ஆள் கயேத்தான்,
திங்கள் விடிந்ததிலிருந்து நான்காம் முறை தொலைபேசியில்:
"போகுமிலா, யாரிடமாவது பிடுங்கிக் கொடேன்."

பதினேழாவது கோடு ஹால்ஷ்கா.
அறுபத்தொரு மணி நேரம், அசைவில்லை.
வெள்ளி இரவு இடுப்பு வலி கண்டு
மேசையிலிருந்தே மருத்துவமனைக்குப் போனவள்.

மாடியேறிப் பார்த்தேன்.
நாற்காலியில் அவள் மழைக்கோட்டு.
பூட்டிய திரை.
மேசைக்கடியில் விசிறி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
சேமித்தாளோ என்னவோ,
பாதி வரைந்த சுக்கான் ஒன்று உள்ளே இருக்கலாம்.

மருத்துவமனைக்கு அழைத்து
இதையா கேட்பது?

கீழே வந்து வலச்சொடுக்கினேன்.
"விடுவிக்கவா?" என்றது கருவி.
காரணம் கேட்கவில்லை.
அழுத்தினேன்.
கண் இமைப்பதற்குள் அந்த இடத்தில் கயேத்தான்.
நன்றி வரவில்லை.

ஐந்தரைக்கு விளக்கணைத்து இறங்கினேன்.
துறைமுகத்தில் பனிமூட்டம்; பாரந்தூக்கிகளுக்குத் தலையில்லை.
கயேத்தானின் கார் நிற்குமிடம் காலி.

சாவியைத் தேடிக்கொண்டு
திரும்ப மேலே போனேன்.
பதினேழாவது கோடு
இன்னும் பச்சை.