பிறழ்சாட்சி

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே
நகலெடுக்கும் கடை எனக்கு.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
பன்னிரண்டு வருடமாக
ஊரார் வழக்குகள் இந்தக் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து
வெளிச்சம் வாங்கிப் போயிருக்கின்றன.

இப்போது என் காகிதம்.

ஆளுயர அட்டைச் சாவியைப் பிடிக்கவைத்துப்
படமெடுத்து அனுப்பினார்களே, அந்தக் கார்.
நாற்பத்தொன்றாம் நாள்
வில்லுக்குறியில் ஒரு குழி இறங்க,
இடது முன்சக்கரத்தின் பக்கம்
காய்ந்த பாக்கைக் கடைவாயில் புரட்டினாற்போல்
டொக்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, நான் மறந்திருந்த நேரம் பார்த்து,
டொக் டொக்.

சுங்கான்கடை வரை முனகிக்கொண்டே வரும்.
பார்வதிபுரம் பாலம் ஏறியதும் வாயை மூடும்.
சர்வீஸ் சென்டர் வாசலில்
பால் குடித்த பிள்ளை.

'கஸ்டமர் கூறும் சத்தம்:
கண்டறியப்படவில்லை'
என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டான் பிபின்.
வண்டியைக் கழுவித் தந்தார்கள்.
எப்போது விட்டாலும்
கழுவித்தான் தந்தார்கள்.

ஒருமுறை புஷ் மாற்றினார்கள்.
ஒருமுறை எதையோ முறுக்கினார்கள்.
பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு
சாஃப்ட்வேர் புதுசாக்கியிருக்கிறது மேடம் என்றார்கள்.
சாஃப்ட்வேருக்கா டொக்?

போனில் பதிவு செய்து கொண்டுபோனேன்.
அதில் மழை இருந்தது, கேரளா பஸ்ஸின் ஹாரன் இருந்தது,
"இதோ, இதோ" என்று பதறும்
என் குரல் இருந்தது.

வீட்டில் செல்வதாஸ் சொன்னார்:
"எட்டி, காருக்கு இல்ல,
உனக்க காதுக்காக்கும் வாரண்டி முடிஞ்சது."
பிள்ளைகள் சிரித்தன.
நானும் சிரித்தேன்.
அன்று ராத்திரி ஃபேன்கூட
டொக் என்றது.

ஸ்டேஷனில் எல்லாம் சொல்லிவிட்டு
கூண்டில் ஏறியதும் தெரியாது என்பவனுக்குப்
பிறழ்சாட்சி என்று பேர்.
குமாஸ்தா நீலபெருமாள் சொல்லித் தெரியும்.
அந்த மனுஷனுக்காவது பயமோ பணமோ இருக்கும்.
இதற்கு என்ன கொடுத்தார்கள்,
ஒரு வாளித் தண்ணீரும் ஷாம்புவும் தவிர?

ஆறாம் முறை, மதியச் சாப்பாட்டு நேரம்,
பிபின் இல்லை.
கிரீஸ் கையோடு ரெஜி என்றொருவர் வந்து
"எந்தக் குழி?" என்று கேட்டார்.
அதுவரை யாரும் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு
முன்சீட்டின் கால்வைக்கும் இடத்தில்
குந்தி உட்கார்ந்தார்,
டேஷ்போர்டில் காதை ஒட்டவைத்து.
"ஏசிய நிறுத்துங்க. பேசாதீங்க."
தோட்டியோடு தாண்டி வில்லுக்குறி.
அதே குழி.
திரும்பி வந்து அதே குழி.
டீக்கடையில் நின்றவர்கள்
நான் டிரைவிங் படிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நாலாவது இறக்கத்தில்
தலை நிமிராமல் சொன்னார்:
"இருக்கு."

வண்டியை ஓரம் கட்டினேன்.
கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
வைப்பர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங் ரேக்காம்.
சாமானம் வரவேண்டுமாம், இருபது நாள்,
சிலநேரம் நாற்பது.
"வந்தாலும் நிக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன் அக்கா,
இந்த மாடல் இப்படித்தான்."

ஆனால் கார்டில் அவர் எழுத்து,
கோணல்மாணலாய், ஓரத்தில் விரல்மையோடு:
'சத்தம் உண்டு. நானே கேட்டேன்.'

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி
மூன்று நகல் எடுத்தேன்.
கம்பெனிக்கு ஒன்று. ஃபைலுக்கு ஒன்று.
மூன்றாவது செல்வதாஸின் சோற்றுத்தட்டுக்கு அடியில்.

கல்லாவில் ஆறு ரூபாய் போட்டேன்.
வெளியே மழையில் நின்றது அது,
ஒன்றும் தெரியாதது மாதிரி.