எண்ணூறு கிலோமீட்டர்

மொனாஷ் நெடுஞ்சாலை ஏற்றத்தில்
நாலாம் கியரில் வைத்து மிதித்தேன்.
ஆர்.பி.எம். முள் துள்ளி ஐயாயிரத்தைத் தொட்டது.
வேக முள் தொண்ணூறிலேயே
சோம்பிக் கிடந்தது.
பிறகு அந்த மணம்,
அடிப்பிடித்த பாலும்
கருகிய தலைமயிரும் கலந்தது போல.

என்ஜினில் குறையில்லை.
போன ஜூலைக் குளிரில் டர்போ மாற்றி
அறுநூறு நியூட்டன் மீட்டருக்கு ஏற்றிவிட்டது நான்தான்.
அத்தனையையும் தாங்கச் சொல்லி நடுவில் நிறுத்தியிருந்தது
நானூறுக்குப் பிறந்த
ஒற்றைக் கம்பெனித் தட்டை.
பாவம், எவ்வளவு நாள் பிடிக்கும்.

டண்டினோங் தெற்கில்
ரொட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் கோஸ்டாவின் பட்டறை.
கியர்பெட்டியை இறக்கிவிட்டு
பழைய தட்டை என் கையில் தந்தான்.
ரிவெட் தலைகள் தெரியத் தேய்ந்திருந்தது.
பிளைவீல் முகமெங்கும் சூட்டுத் தழும்பு,
மயில்கழுத்து நீலம்.
"வடிவா இருக்கு" என்றேன்.
"வடிவுக்கு இரண்டாயிரத்து அறுநூறு டாலர்" என்றான்.

விலைச்சீட்டைப் பார்த்த பிரணவன்
"நாலு சில்லும் இப்பவே சுத்துதுதானே?" என்றார்.
பதில் சொல்லாமல் சோற்றைப் பரிமாறினேன்.

செராமிக் போடலாம், மலிவு.
ஆனால் அது கடிக்கும், இல்லையென்றால் விடும்,
நடுவில் ஒன்றும் தெரியாது.
சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும்
காரும் நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.
இரட்டைத் தட்டு கேட்டேன்.
இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்
ஒருவரும் கடிக்கத் தேவையில்லை.

பிரஷர் பிளேட்டின் ஆணிகளை
எதிரெதிராய், கால் சுற்று கால் சுற்றாய் முடுக்கினான்.
கியர்பெட்டி ஆணிகளை நான் எண்ணினேன்.
சத்திரசிகிச்சை அறையில்
வயிற்றை மூடுமுன் பஞ்சு எண்ணுகிற வேலை எனக்கு.
பதினொன்று கழன்றது.
பதினொன்று ஏறியது.

சாவியை நீட்டினான், விடவில்லை.
"எண்ணூறு கிலோமீட்டர். டவுனுக்குள்ள மட்டும்.
மூவாயிரத்துக்கு மேல முள் போகக்கூடாது.
ஹைவேயில ஓடினது கணக்கில்லை.
நிண்டு எடுக்கிறதுதான் கணக்கு."

அப்படித்தான்
அந்தத் தெருவிலேயே வேகமான கார்
பள்ளிக்கூட வாசலில் நாற்பதில் ஊர்ந்தது.
பின்னால் ஒரு பழைய கொரோலா ஹார்ன் அடித்தது.
விளக்கில் பக்கத்தில் வந்து நின்ற
சிவப்புப் பி தகட்டுப் பெடியன்
என்னைப் பார்த்து உறுமினான், உறுமினான்,
பச்சை விழுந்ததும் பறந்தான்.
நான் முட்டை கொண்டுபோகிறவளைப் போல
முதல் கியரை விட்டேன்.

நியூட்ரலில் நின்றால்
செம்புக்குள் சரளைக்கல் குலுங்கும் சத்தம்.
இலேசான பிளைவீல் அப்படித்தான்.
வேலைத்தளத்து நய்ரி ஏறி இருந்து
"உடைஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.
அவளையும் கொண்டுபோய் வீட்டில் விட்டேன்,
அவள் பக்கத்தில் பதினாலு விளக்கு.
அடுத்த கிழமை மயக்கமருந்து டாக்டரை,
பிறகு யார் கேட்டாலும்.
பார்க்கிங் சீட்டின் பின்புறம்
கிலோமீட்டர் எழுதி வைத்தேன்:
212. 390. 641.
பெடல் கனம். இடது முழங்கால்
இரவில் தனியாய் மிதித்துப் பார்க்கும்.

803.
வெலிங்டன் ரோட் ஏறுபாதை,
பின்னிரவு, குடல்வால் ஒன்று முடிந்து வந்த நேரம்.
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
மூன்றாம் கியர். மூவாயிரம்.
மிதித்தேன்.

இரண்டு முள்ளும் ஒன்றாய் ஏறின.
மணமில்லை. நழுவலில்லை.
முதுகு இருக்கையோடு ஒட்டியது,
யாரோ பின்னாலிருந்து அல்ல
முன்னாலிருந்து இழுப்பது போல.
மூன்று விநாடி இருக்கும்.
நூறு வந்தது.
காலை எடுத்தேன்.
சட்டம் அவ்வளவுதான் தரும்.

வீட்டு வாசல் ஏற்றத்தில்
பழக்கத்தில் மெல்ல விட்டு ஏறினேன்.
நாளைக்குப் பிரணவன் ஓட்டிப் பார்க்கவேணுமாம்.
தெருமுனைக்குள் மூன்று தரம் நிற்கும்.
நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு
பேசாமல் இருக்கப் போகிறேன்.