நாற்பத்தேழாவது வாக்கியம்

நூற்றிருபது வாக்கியம் எழுதித் தரச் சொன்னார்கள்.
பாதி சரியாக முடிய வேண்டும்,
பாதி தப்பாக.
தமிழில் அது சுலபம்.
வினைச்சொல் கடைசியில்தான் வரும்,
அதுவரை எல்லா வாக்கியமும் யோக்கியம்.

கோரிமேடு, மூன்றாவது மாடி.
ஏசி ஒழுகும் அறை, அடியில் நீல வாளி.
அஞ்சலாட்சி, நாற்பத்து மூன்று, கடலூர் முதுநகர்,
பதினொரு வருடமாக மாத்திரை.
எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம்,
சீயக்காய் வாசத்தோடு வந்தார்.
தொப்பியின் துளைதோறும் பசை வைத்தேன்.
"பேன் பாக்குற மாதிரியே இருக்கு."

திரையில் ஒவ்வொரு சொல்லாக வரும்.
தபால்காரர்.
கடிதத்தை.
மென்றார்.
நானூறு மில்லி விநாடியில் அலை திடுக்கிட வேண்டும்.
திடுக்கிடவில்லை.
'சரி' என்ற பொத்தானை அழுத்தினார்.
இந்த நோயில் அப்படித்தான் என்று
படித்திருக்கிறேன். குறித்துக்கொண்டேன்.

பனிக்கட்டி.
கையை.
சுட்டது.
(ஒற்று மிகும். ஆனால் அந்த 'ச்'
அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று
பேராசிரியர் அடித்துவிட்டார்.)
இதற்கும் 'சரி'.

இடைவேளையில் டீ.
"எறா உரிச்சிருக்கியா நீ?"
இல்லை என்றேன்.
விரல்களை விரித்துக் காட்டினார்,
கணுவெல்லாம் வெளுத்த தழும்பு.
"நாலு மணி நேரம் ஐசுல கை. சுடும்."

நான் கேட்கக் கூடாது, விதிமுறையில் இல்லை,
கேட்டேன்: குரல்கள் என்ன சொல்லும்?
"என்னாத்த சொல்லும்?
'அஞ்சலாட்சி, நீ நாளைக்கு'ங்கும்.
அவ்ளோதான். நிறுத்திக்கும்.
மிச்சத்த நான்தான் போட்டுக்கணும்,
ராத்திரி பூரா."
டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

பட்டியலில் நாற்பத்தேழை நீக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'வாக்கியப் பிழை' என்று எழுதி,
'என்' என்று முன்னால் சேர்த்து,
பிறகு அதை அடித்தேன்.
தபால்காரரை நீக்கவில்லை.
அவர் முப்பது பேரின் சராசரிக்குள் போய்விடுவார்.

மாலை, பஸ் நிறுத்தத்தில்
தலையில் இன்னும் பசை காய்ந்த திட்டுகளோடு
ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.
என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக் குனிந்து
"அந்தத் தபால்காரரு இருக்காரே, அவரு
அந்தக் கடுதாசிய"

விசில் அடித்தார்கள்.
வண்டி எடுத்துவிட்டது.