கதவு மூடியிருக்கிறது

சூரமங்கலம் ஷெட்டில் இரவு ஒன்றே முக்கால்.
கதவு மூடியிருக்கிறது.
சென்சாரின் பச்சைப் புள்ளிக்குத் தெரியும்.
முட்டியால் இடித்துப் பார்த்த அங்கமுத்து அண்ணனுக்கும் தெரியும்.
ஸ்பிண்டிலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே பேச்சென்றால் இவ்வளவுதான்:
ஒரு பெயர், அதற்கொரு கம்பி.
எழுத ஒருவருக்கே உரிமை,
படிக்க எத்தனை பேரும் வரலாம்.
யாரும் எழுதாத கம்பியில் பூஜ்யம் கிடக்கும்.
பூஜ்யம் என்றால் 'இல்லை'.
நொடிக்கு ஆயிரம் முறை அதைப் படித்து
ஆயிரம் முறையும் நிற்கிறது ஸ்பிண்டில்,
சொன்ன சொல் தவறாமல்.

பிழை என்று திரையில் ஒரு வரி இல்லை.
ரிலேயை மாற்றினோம். வயரை மாற்றினோம்.
டீக்கு ஜங்ஷன் வரை போய் வந்தோம்.

மூன்றரைக்குக் கண்ணில் பட்டது.
எனக்கு முன் இதை எழுதியவர்
ஆங்கில எழுத்தில் கதவுக்கு வெறும் 'டி' போட்டிருக்கிறார்.
நான் 'டி ஹெச்'.
வாயால் சொன்னால் ஒரே கதவு.
உள்ளே இரண்டு கம்பி:
ஒன்றில் எழுத்து வந்தபடி இருக்கிறது, படிக்க ஆளில்லை.
மற்றதன் வாசலில்
என் ஸ்பிண்டில்.

ஓர் எழுத்தை அழித்தேன்.
கிர்ரென்று எழுந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் கூலன்ட் பாலாய்ச் சிதறியது.

அண்ணன் சிரிக்கவில்லை.
"ஆதார்ல என் பேருக்கு 'ஹெச்' இருக்கு, பிஎஃப்ல இல்ல.
ரெண்டு வருசமாப் பணம் வரல.
அதையும் கொஞ்சம் பாரு கண்ணு."

நான் பதில் தேடுவதற்குள்
முதல் பீஸை எடுக்கக் கதவைத் திறந்தார்.
ஸ்பிண்டில் உடனே நின்றது.