பெயரெச்சம்

பக்கத்துக்கு நூற்று இருபது ரூபாய்.
மேஜரின் மனைவி ஒருத்தி எழுதிய நாவல்.
கதை நடப்பது வேலூர்க் கோட்டையில்,
நான் அதைத் தமிழாக்குவது
காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில்,
இரவு பத்திலிருந்து ஆறு வரை.

எட்டுப் பக்கம் தடங்கலில்லை.
அகழி வருகிறது, அகழியில் முதலை,
மதில்மேல் மயில், மயிலுக்குப் பின்னால் நிலா.
வெயிலை வைகிறாள், நன்றாகவே வைகிறாள்.
அதில் மட்டும் நானும் அவளும் ஒரே ஊர்.
(அவளை அவள் என்பதில்
சின்னப் பழிவாங்கல் இருக்கிறது. இருக்கட்டும்.)

ஒன்பதாம் பக்கத்தில்
'மே மாதம் நாம் வெளியே போவதில்லை' என்று எழுதி
அடித்தேன்.
நாங்கள்.
அவள் மொழியில் இரண்டும் ஒன்றுதான்.
படிக்கிறவனைச் சேர்ப்பதா விடுவதா என்று
அவள் ஒரு நொடியும் நின்றிருக்க மாட்டாள்.
எனக்குப் பத்து நிமிஷம் போயிற்று, ஒரு டீயும்.

கர்னல் வருகிறார்.
பங்கா இழுக்கிற ஆள் வருகிறான்.
மூலத்தில் இருவருக்கும் ஒரே குட்டிச் சொல்.
அந்த 'ர்' நான் வைத்தது.
'ன்'னும் நான் வைத்ததுதான்.

சுவரில் ஒரு துளை, துளை வழியே கயிறு.
கயிற்றின் இந்த முனையில்
விசிறி, கொசுவலை, மேசை, அவள் பேனா.
இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் கதை
வாணியம்பாடிவரை போகிறது,
புலி சுட ஜவ்வாது மலை ஏறுகிறது,
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒருமுறையும் போகவில்லை.

அறுபத்திரண்டாம் பக்கம். விசிறி நிற்கிறது.
செருப்பை எடுத்துச் சுவரில் எறிகிறாள்.
'அது மறுபடி தூங்கிவிட்டது.'
அது.
வேடிக்கையாக எழுதியிருக்கிறாள்.
நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் கரண்ட் போனது.
தலைக்குமேல் மின்விசிறி
மூன்று சுற்று சுற்றி நின்றது.
பதினாலாம் நம்பர் மைத்தி பாபு
ஆபரேஷன் ஆன மனைவியை விட்டுவிட்டுப்
படியிறங்கி ஓடிவந்தார்:
'பாக்கா, தாதா, பாக்கா.'
வங்காளத்தில் விசிறிக்கு அதுதான் பேர்.
நான் பின்சுவரை முஷ்டியால் குத்தினேன்.
'டேய் திம்மராயா, தூங்கிட்டியா?'

ஜெனரேட்டர் அந்தப் பக்கம்.
சுவரில் ஒரு துளை, துளை வழியே ஒயர்.
திம்மராயனுக்கு என்னைவிட ஒன்பது வயது கூட.
ஒடுகத்தூரில் பேத்தி எடுத்தவர்.

விளக்கு வந்தது. சிரிப்பை அடிக்க முடியவில்லை,
பக்கத்தை அடித்தேன்.
பதிப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள்:
உள்ளது உள்ளபடி, அடிக்குறிப்பு வேண்டாம்.
'கயிற்றை இழுத்த, காலில் கட்டி இழுத்த,
விடிய ஒரு நாழிகை இருக்கையில் கண்ணயர்ந்த'
என்றுவரை எழுதினேன்.
அடுத்து ஒரு பெயர் வந்தாக வேண்டும்.
அவளிடம் இல்லை.
என்னிடமும் இல்லை.

ஐந்து மணிக்கு டீசல் கையோடு வந்து
மேசைமேல் எட்டிப் பார்த்தார் திம்மராயன்.
'இன்னா சார் எய்தினு கீற?'
கோட்டையைப் பத்தின கதை, என்றேன்.
'நம்மாளு யாருனா வராங்களா?'
ஒருத்தர் வரார், என்றேன்.
தூங்கறார்.

'நைட் டூட்டியா?' என்றார்.