கையுறைத் தோல்

கருவிழியின் தடிமன் ஐநூற்றுப் பதினாறு என்றார் டாக்டர்,
மைக்ரானில்.
மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன்,
அரை மில்லிமீட்டரும் ஒரு துளியும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக
தோலைத் தொட்டே தடிமன் சொல்கிறவள் நான்.
அந்தத் தடிமனில் செருப்பு வராது, பை வராது.
கையுறை வரும்.
அதுவும் ஆட்டுத்தோலாக இருந்தால்.

பச்சை விளக்கையே பாருங்க என்றார்கள்.
பார்த்தேன்.
எதையோ மூடிபோல மேலே மடித்ததும்
விளக்கு உடைந்து
மழைத்தண்ணீரில் சிந்திய டீசல் ஆனது.
முடி கருகும் வாசனை.
இடது கண்ணுக்குப் பதினெட்டு விநாடி,
வலதுக்கு இருபத்தொன்று.
கடனுக்குப் பதினான்கு மாதம்.

அப்புறம் சத்துவாச்சாரி, மாடிப் போர்ஷன்,
ஜன்னலுக்குப் போர்வை.
மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் தொட்ட மாதிரி
முதல் ராத்திரி முழுக்க.
மே மாதம் வேறு.
பகலெல்லாம் வாங்கிவைத்த வெயிலை
எதிர்ப் பாறைமலை
வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தலைக்கு ஊற்றக் கூடாது, முகம் கழுவக் கூடாது,
வெங்காயம் அரிகிற பக்கமே போகக் கூடாது,
கசக்கவே கூடாது.
அழலாமா என்று சீட்டில் இல்லை. கேட்டேன்.
"அழுதா நல்லதுதாம்மா, கண்ணு காஞ்சி கெடக்கு"
என்று சிரித்தார் நர்ஸ் சாராள்.
கேட்டபோது அழுகை வரவில்லை.
நூற்றெழுபது ரூபாய்க்குக் கண்ணீர் வாங்கினோம்,
விரல் நீள பாட்டில், திறந்தால் ஒரு மாசம்.
"நம்ம பாலாறு மாதிரி" என்றான் தயாளன்,
"பேரு பெருசு, தண்ணிய மட்டும் காசு குடுத்து வாங்கணும்."

மூக்குமேட்டுக்குப் போன விரல்
ஒன்றுமில்லாததை மேலே தள்ளிவிட்டுத் திரும்புகிறது.
விடிந்தால் தலையணைக்கடியில் துழாவுகிறது கை.
எட்டு வயதிலிருந்து அது
எனக்கு முன்பே எழுந்து பழகிவிட்டது.

நாலாம் நாள் போர்வையை விலக்கினேன்.
அதே மலைதான், கண்ணாடி போட்டுப் பார்த்த மலை.
ஆனால் ஓரம் இல்லை.
இத்தனை வருஷம் அதற்கு ஒரு சட்டம் இருந்தது,
பெட்ரோல் பங்கோடு முடிந்துவிடும்.
இப்போது போய்க்கொண்டே இருந்தது.
இருட்டியதும் பெங்களூர் ரோட்டில்
ஒவ்வொரு லாரியும் திருவாசியோடு வந்தது.
பத்து நாளில் சரியாகிவிடுமாம். ஆகட்டும், மெதுவாக.

கல்யாணமாகி ஆறு வருஷம்.
படுக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால்
அவன் ஒரு சூடு, ஒரு வேர்வை வாசனை,
மீசை இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு.
அந்த மங்கலிடம்தான் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.
மூன்றாம் மாதம் கலைந்ததற்கு
நான் தூக்கிய ரெக்ஸின் கட்டு காரணமோ என்றும்.
முகம் தெரியாதது ஒரு வசதி.

நேற்று ராத்திரி
கண்ணில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியின் ஓட்டைகள் வழியே
அவன் தூங்குவதைப் பார்த்தேன்.
அரைக்கண் திறந்து தூங்குகிறான்.
வெள்ளை தெரிகிறது.
தெருவிளக்கு அதில் ஒரு புள்ளி.

அப்படியென்றால் அந்த ராத்திரிகளில்
அவன் பார்த்துக்கொண்டிருந்தானா
தூங்கிக்கொண்டிருந்தானா?

காலையில் கேட்கலாம் என்றிருந்தேன்.
அவனோ என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அடுப்படி வாசலில் நின்றான், ஆறரை பவர்,
கோழி மாதிரி கழுத்தை நீட்டி.
"இன்னாடி இது,
இத்தனூண்டா, அவ்ளோ தூரத்துல நிக்கிறே?"

பக்கத்தில் வந்துதான் கழற்றினான்.
அவன் மூக்கிலும் இரண்டு சின்னக் குழி,
உடனே மறைந்தது.
என்னுடையது மறைய நாளாகும் என்றாள் குல்சார் அக்கா போனில்.

"மேல பாரு."
கட்டைவிரல் கீழிமையை இழுத்துப் பிடிக்கிறது.
தோலைப் பதம் பார்க்கிற மாதிரி,
கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி.
ஒரு சொட்டு உள்ளே.
ஒரு சொட்டு வழிந்து காதுக்குள்.
ஃபேன் இறக்கையில் தூசி கனமாக, ஒவ்வொரு இழையாக.
அதைப் பார்த்துக்கொண்டே
அவன் பெயரைச் சொன்னேன்.
"ம்?" என்றான்.
"இன்னொரு கண்ணு" என்றேன்.